உப்புத் தண்ணி எல்லாம் ஒண்ணு இல்லை

"எங்க போர் தண்ணி உப்புங்க." உழவர் கூட்டங்களில் இந்தப் பேச்சு எழாத நாளே கிடையாது. காஞ்சிபுரத்தில் நெசவுத் தெருவில் போய் நின்றாலும் இதே சொல்தான் காதில் விழும். வீட்டில் பருப்பு வேகலைன்னா உப்புத் தண்ணி. பட்டில் சாயம் சரியா ஏறலைன்னா உப்புத் தண்ணி. வயலில் நெல் நாத்து காய்ந்தாலும் உப்புத் தண்ணி.

சொல் ஒன்றுதான். ஆனால் இந்த மூன்று இடத்திலும் இருப்பது ஒரே உப்பா? இல்லை. சமையலைக் கெடுக்கிற உப்பு வேறு, மண்ணைக் கெடுக்கிற உப்பு வேறு. இன்னும் சொல்லப்போனால், வீட்டுக்கு ஆகாத தண்ணி ஒன்று மண்ணுக்குத் தோழனாக இருக்கலாம். சோப்பு நன்றாக நுரைக்கும் 'நல்ல' தண்ணி ஒன்று பத்து வருடத்தில் நிலத்தைக் களராக்கிவிடலாம். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நாம் போர் போடுகிறோம், ஆர்.ஓ. மெஷின் வாங்குகிறோம், ஜிப்சம் கொட்டுகிறோம். அதனால் இந்தக் கட்டுரையில் காஞ்சிபுரத்துக் குழாயில் தொடங்கி நம்ம வயல் வாய்க்கால் வரை உப்பின் கணக்கைப் பார்ப்போம்.

காஞ்சிக்குத் தண்ணி எங்கிருந்து வருகிறது?

காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சி ஆனது. நகரத்துக்குக் குடிதண்ணி பெரும்பாலும் ஆற்று மணலில் இருந்துதான் வருகிறது. ஓரிக்கை அருகே பாலாற்றுப் படுகை, வேகவதி ஆற்றுப் படுகை, மேற்கே காவேரிப்பாக்கம் பக்கத்தில் உள்ள திருப்பாற்கடல் ஆகிய இடங்களில் கிணறு அமைத்து எடுக்கிறார்கள். மேலே ஓடுகிற தண்ணி அல்ல இது. மணலுக்குள் தங்கியிருக்கிற தண்ணி.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, 348 கிலோமீட்டர் ஓடி, வாயலூர் அருகே கடலில் கலக்கிறது. கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர். வருடத்தில் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும். 2021 நவம்பரில் வந்ததுபோல வெள்ளம் எப்போதாவதுதான் வரும். ஆனாலும் அதை வறண்ட ஆறு என்று சொல்வது தப்பு. ஆற்று மணலில் மணிக்கும் மணிக்கும் இடையில் இடைவெளி இருக்கிறது. நல்ல பருமணலாக இருந்தால் ஒரு கன மீட்டர் மணலில் இருந்து ஏறத்தாழ 200 முதல் 300 லிட்டர் தண்ணி வடித்து எடுக்கலாம். மூடி போட்ட தொட்டி மாதிரி. வெயில் குடிக்காது, கொசு முட்டையிடாது, வடிகட்டியும் தருகிறது. நம்ம முன்னோர் இதைத் தெரிந்துதான் பாலாற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி, கரண்டும் மோட்டாரும் இல்லாமல் வயலுக்குத் தண்ணி கொண்டுபோனார்கள்.

மழையும் வெள்ளமும் மணலில் இறங்கி, அதிக நாள் பாறையோடு உறவாடாமல் நமக்குக் கிடைக்கும்போது அதில் கரைந்த உப்பு பொதுவாகக் குறைவு. அதே தண்ணி ஆழத்தில் பாறை இடுக்கில் பல வருடம் கிடந்தால் பாறையில் உள்ள கால்சியம், மெக்னீசியம், சோடியம் எல்லாம் கரைந்து சேர்ந்துவிடும். மணல் குறையக் குறைய, ஊரும் உழவும் ஆழ்துளைக்குப் போகப் போக, தண்ணி கடினமாவதற்கு முதல் காரணம் இதுதான். அளவு குறைவது கண்ணுக்குத் தெரிகிறது. தரம் மாறுவது பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும்போதுதான் தெரிகிறது.

பட்டு ஏன் மென்மையான தண்ணி கேட்கிறது?

பாலாற்றுத் தண்ணியில் நனைத்தால்தான் பட்டுக்கு மினுமினுப்பு வரும் என்பது காஞ்சிபுரத்தில் காலங்காலமாகச் சொல்லப்படும் பேச்சு. ஊர்ப் பெருமை என்று தள்ளிவிட வேண்டாம். இதில் வேதியியல் இருக்கிறது.

பட்டுப்பூச்சி கூடு கட்டும்போது நூலைச் சுற்றி ஒரு பசையையும் சேர்த்துத்தான் விடுகிறது. கச்சாப் பட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை இந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் போட்டு வேக வைத்துப் பசையை எடுத்தால்தான் உள்ளே இருக்கும் நூல் வழவழப்பாக மின்னும், அப்புறம்தான் சாயம். இந்த வேலை முழுக்க சோப்பை நம்பி இருக்கிறது.

கடின நீர் என்பது கால்சியம், மெக்னீசியம் அதிகம் கரைந்திருக்கிற தண்ணி. இந்தத் தண்ணியில் சோப்பைப் போட்டால் சோப்பு முதலில் கால்சியத்தோடு சேர்ந்து, கரையாத வெள்ளைத் திரியாக மாறும். கால்சியம் முழுவதும் தீர்ந்த பிறகுதான் மிச்ச சோப்பு நுரைக்கும். கணக்குப் போட்டால், ஒரு கிராம் கடினத்தன்மை ஏறத்தாழ 6 கிராம் சோப்பைத் தின்றுவிடும். லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணி 100 லிட்டர் எடுத்தால், அதில் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, சுமார் 240 கிராம் சோப்பு வேலை செய்யாமலேயே வீணாகும். காசு போவது ஒருபக்கம். அந்த வெள்ளைத் திரி நூலில் ஒட்டிக்கொண்டால் சாயம் அந்த இடத்தில் திட்டுத் திட்டாக ஏறும், நூலின் பளபளப்பு மங்கும். மென்மையான ஆற்றுத் தண்ணி இருந்தபோது இந்தத் தொல்லை குறைவு. ஆகவே பாலாற்று மணல் என்பது நெசவாளிக்கும் ஒரு மூலப்பொருள்தான். 2005-06-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குள் இந்தத் தண்ணியும் அடங்கியிருக்கிறது.

அதே திரி நம்ம தெளிப்பானிலும்

பட்டு நமக்கு என்னத்துக்கு என்று நினைக்க வேண்டாம். சாயத்தொட்டியில் நடப்பது நம்ம கைத்தெளிப்பானுக்குள்ளும் அப்படியே நடக்கிறது.

வேப்பெண்ணெயைத் தண்ணியில் கரைக்க காதி சோப்பு போடுகிறோம். 10 லிட்டர் டாங்கில் 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள போர் தண்ணி இருந்தால், போட்ட சோப்பில் சுமார் 24 கிராம் கால்சியத்துக்கே போய்விடும். மிச்சம் இருப்பது எண்ணெயைக் கரைக்கப் போதாது. எண்ணெய் மேலே மிதக்கும். முதலில் வெறும் தண்ணி தெளிபடும், கடைசி ரெண்டு லிட்டரில் தனி எண்ணெய் வரும். அது விழுந்த இலை கருகும். திரி போய் நாசிலை அடைக்கும். அப்புறம் "வேப்பெண்ணெய் வேலை செய்யலைங்க" என்று சொல்கிறோம். வேலை செய்யாதது வேப்பெண்ணெய் இல்லை, தண்ணி.

இதற்கு வழி மூன்று. தெளிப்புக்கு மட்டும் மழைநீரைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். ஒரு ஏக்கருக்கு 100, 200 லிட்டர்தானே தேவை, ஓட்டு வீட்டுக் கூரையில் ஒரு நல்ல மழைக்கு அதைவிட அதிகமாகவே கிடைக்கும். இல்லையென்றால் சோப்புக்குப் பதிலாகப் பூந்திக்கொட்டைக் கரைசல் போடலாம். பூந்திக்கொட்டையின் நுரைப்பொருள் கால்சியத்தோடு சேர்ந்து திரியாவதில்லை. பட்டுச் சேலையைப் பூந்திக்கொட்டையில் அலசச் சொன்ன பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு பழக்கத்தில் தெரிந்திருந்தது. மூன்றாவது, எண்ணெயையும் சோப்பையும் முதலில் கொஞ்சம் மழைநீரில் பால் மாதிரி அடித்துக் கலக்கிக்கொண்டு, பிறகு மிச்சத் தண்ணி சேர்ப்பது. இது முழுத் தீர்வு இல்லை, ஓரளவு உதவும். எப்படிக் கலக்கினாலும் ஒரு டம்ளரில் எடுத்து பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய் பிரிந்து நின்றால் அதைத் தெளிக்காதீர்கள்.

சொட்டுநீர்க் குழாயிலும் இதே கால்சியம்தான் துவாரத்தில் சுண்ணாம்பாகப் படிகிறது. வாரம் ஒருமுறை பக்கக் குழாயின் கடைசி மூடியைத் திறந்து விட்டு அலச வேண்டும். அடைத்த சொட்டுவான்களைக் கழற்றி, காடியிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஓர் இரவு ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும்.

மண்ணின் கணக்கு வேறு

இதுவரை கால்சியத்தை வில்லனாகவே பார்த்தோம். இனி மண்ணுக்குள் இறங்குவோம்.

களிமண்ணின் துகள்கள் மிகச் சிறியவை. அவை ஒன்றோடொன்று சேர்ந்து பொலபொலவென்று கட்டியாக நிற்பதற்குக் கால்சியம் பாலமாக இருக்கிறது. கட்டிகளுக்கு நடுவில் காற்று போகும், தண்ணி இறங்கும், வேர் ஓடும், மண்புழு வாழும். அந்தக் கால்சியத்தின் இடத்தை சோடியம் பிடித்துவிட்டால் துகள்கள் பிரிந்து சேறாகும். மழை பெய்தால் வழுக்கும், காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிப் பாளம் பாளமாக வெடிக்கும். இதுதான் களர். உவர் என்பது வேறு. உவர் நிலத்தில் உப்பு மொத்தமாகவே அதிகம், மேலே வெள்ளையாகப் பூக்கும். நல்ல வடிகால் அமைத்து நல்ல தண்ணி கட்டினால் கழுவி எடுக்கலாம். களரில் தண்ணியே இறங்காது, பிறகு எப்படிக் கழுவுவது?

இப்போது ரெண்டு கிணற்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் கிணற்றில் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம், பைகார்பனேட் 427. ரெண்டாவது கிணற்றில் கடினத்தன்மை 100 மட்டும், பைகார்பனேட் 366. வீட்டுக்கு எது நல்லது என்றால் எல்லாரும் ரெண்டாவதைத்தான் காட்டுவோம். சோப்பு நுரைக்கும், பருப்பு வேகும்.

மண்ணுக்குக் கணக்குப் போடுவோம். கடினத்தன்மையை 50-ஆல் வகுங்கள். பைகார்பனேட்டை 61-ஆல் வகுங்கள். ரெண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். முதல் கிணற்றில் 7-இல் 10 போனால் மிச்சமே இல்லை. ரெண்டாவதில் 6-இல் 2 போனால் மிச்சம் 4. இந்த மிச்சத்துக்கு எஞ்சிய சோடியம் கார்பனேட் என்று பெயர். 1.25-க்குக் கீழே இருந்தால் பாசனத்துக்குப் பயமில்லை. 1.25 முதல் 2.5 வரை எச்சரிக்கை. 2.5-க்கு மேலே போனால் பாசனத்துக்கு ஆகாது. நமக்கு 'நல்ல தண்ணி'யாகத் தெரிந்த ரெண்டாவது கிணறுதான் நிலத்தைக் களராக்கும். அந்தத் தண்ணியின் பைகார்பனேட், மண்ணில் இருக்கிற கால்சியத்தையும் சுண்ணாம்பாகப் படியவைத்து, சோடியத்துக்கு இடம் காலி பண்ணிக் கொடுக்கிறது.

கார்பனேட்டும் இருக்கிறது என்று முடிவுத் தாளில் வந்தால், அதை 30-ஆல் வகுத்து பைகார்பனேட்டோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதனால் கடின நீர் எவ்வளவு இருந்தாலும் நல்லது என்று அர்த்தமில்லை. மொத்த உப்பு எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். அதை மின்கடத்தும் திறனாக, இ.சி. என்று அளப்பார்கள். உலக உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டுதலில் 0.7-க்குக் கீழே தொல்லையில்லை, 0.7 முதல் 3 வரை பயிரைப் பார்த்துக் கட்ட வேண்டும். 3-க்கு மேலே கடும் சிக்கல். வெங்காயம், பீன்ஸ், கேரட் உப்பைத் தாங்காது. தென்னை, பீட்ரூட், பாலக்கீரை ஓரளவு தாங்கும். சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் அதிகமானால் நிலக்கடலையில் இளம் இலை மஞ்சளாகும்; மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அங்கே தொழு உரமும் பசுந்தாள் உரமும்தான் கைகொடுக்கும். மட்கு வேலை செய்யும்போது வருகிற அமிலம் இரும்பைக் கரைத்துக் கொடுக்கும்.

ஜிப்சம் எங்கே, எவ்வளவு?

களர் தண்ணிக்கு ஜிப்சம் போடச் சொல்வார்கள். ஜிப்சம் என்பது கால்சியம்தான். அதாவது தண்ணியைக் கொஞ்சம் கடினமாக்குகிறோம்! பட்டுக்காரர் கேட்டால் சிரிப்பார், ஆனால் மண்ணுக்கு அதுதான் மருந்து. மேலே சொன்ன மிச்சக் கணக்கில் ஒரு அலகு குறைக்க 10 லட்சம் லிட்டர் தண்ணிக்கு சுமார் 86 கிலோ சுத்தமான ஜிப்சம் வேண்டும். 10 லட்சம் லிட்டர் என்பது ஒரு ஏக்கரில் கால் மீட்டர் உயரத்துக்குத் தண்ணி கட்டுவதற்குச் சமம். ரெண்டாவது கிணற்றின் 4-ஐ 1.5-க்குக் கொண்டுவர ஒவ்வொரு 10 லட்சம் லிட்டருக்கும் 215 கிலோ. தண்ணி பாயும் தொட்டியில் மூட்டையாக வைத்துக் கரையவிடலாம்.

முதல் கிணறு மாதிரி ஏற்கெனவே கால்சியம் நிறைந்த தண்ணிக்கு ஜிப்சம் கொட்டுவது காசைக் கொட்டுவதுதான். சோதனை இல்லாமல் வாங்காதீர்கள். அங்கக வேளாண்மையில் இயற்கையாக வெட்டியெடுத்த ஜிப்சத்துக்குத்தான் அனுமதி. உரத் தொழிற்சாலைக் கழிவாக வருகிற ஜிப்சத்துக்கு இல்லை. கூடவே தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். களரைத் தாங்கி வளரும் பயிர் அது. வேர் ஓட்டை போடும், தழை மட்காகும். ஜிப்சம் இறங்குவதற்கு வழி கிடைக்கும்.

வெளியிலிருந்து வந்த உப்பு

பாறையிலிருந்து கரைந்து வருகிற கால்சியம் ஒரு பக்கம். மனிதர் கொட்டுகிற சோடியம் இன்னொரு பக்கம். பாலாற்றுக்கு இந்த ரெண்டாவது கதை நன்றாகத் தெரியும்.

காஞ்சிபுரத்துக்கு மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. தோல் கெடாமல் இருக்க அதில் சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு போடுகிறார்கள். அதைக் கழுவும்போது உப்பு கழிவுநீரில் வருகிறது. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாததாகிவிட்டது என்ற ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக நின்றது இந்த வழக்கில்தான். அதே வழக்கில் இழப்பீடும் ஆற்றைச் சீர்செய்வதும் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. சோடியம் ஏறின மண் தீர்ப்பு வந்த மறுநாளே திரும்பிவிடாது.

நொய்யலும் அதே பாடம்தான். திருப்பூரில் பருத்திக்குச் சாயம் ஏற்ற உப்பு நிறையத் தேவை. அந்தக் கழிவு வந்து, 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அணைக்குக் கீழே இருந்த உழவர்களே தண்ணி வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. ஆயக்கட்டு உழவர்கள் வழக்கு நடத்தி, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பட்டுச் சாயத்துக்குப் பருத்தி அளவுக்கு உப்பு தேவையில்லை. பெரும்பாலும் அமிலச் சாயம்தான். அதற்காகக் கழிவை ஆற்றில் விடலாம் என்று ஆகாது. காஞ்சிபுரத்துக்குள் ஓடி, திருமுக்கூடலில் செய்யாற்றோடு சேர்ந்து பாலாற்றில் கலக்கிற வேகவதியில் வீட்டுச் சாக்கடையும் சாயத் தண்ணியும் கலப்பது ஊரறிந்த குறை. மேல்மடையில் நகரம், கீழ்மடையில் உழவர். நல்ல தண்ணி கேட்கிற பட்டுத் தொழிலே கீழே இருப்பவர் தண்ணியைக் கெடுத்தால் அது தன் கிணற்றையும் சேர்த்துத்தான் கெடுக்கிறது. நெசவாளியும் உழவரும் இதில் எதிரெதிர்க் கட்சி இல்லை. ரெண்டு பேரும் ஒரே மணலில் தண்ணி குடிக்கிறவர்கள்.

வீட்டுக்குள்ளே தயாராகும் உப்பு

இப்போது வீட்டு மெஷின்களுக்கு வருவோம். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் என்ன செய்கிறது? தண்ணியிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு சோடியத்தைக் கொடுக்கிறது. குளிக்க, துணி துவைக்க நல்லது. செடிக்கு? மண்ணைக் கட்டியாக வைக்கிற பொருளை எடுத்துவிட்டு, பிரிக்கிற பொருளைச் சேர்த்த தண்ணி அது. சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் பிரித்து, தோட்டத்துக்கு அந்தத் தண்ணியையே விடுங்கள். மெஷினை உப்புப் போட்டுக் கழுவும்போது வெளியே வருகிற தண்ணி உப்புக் கரைசல். அதை எந்த மண்ணிலும் விடக்கூடாது.

ஆர்.ஓ. மெஷின் உப்பைப் போக்குவதில்லை, ஒரு பக்கமாக ஒதுக்குகிறது. டி.டி.எஸ். 600 இருக்கிற தண்ணியில் பாதி குடிக்க, பாதி வெளியே என்றால், வெளியே போவதில் 1,200-க்குப் பக்கம் இருக்கும். பாத்திரம் கழுவ, தரை துடைக்க அது போதும். தென்னைக்கும் விடலாம். தொட்டிச் செடிக்குத் தினமும் ஊற்றினால் உப்பு தொட்டியிலேயே சேரும். டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள தண்ணிக்கு ஆர்.ஓ. வேண்டாம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019 மே மாதம் சொன்னது. வாங்குவதற்கு முன் குழாய்த் தண்ணியைச் சோதித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

மாநகராட்சிக் குழாய்த் தண்ணியில் இன்னொன்று உண்டு: குளோரின். குடிக்க அது அவசியம். பஞ்சகவ்யா, அமுதக்கரைசல் கலக்க அது ஆகாது. நுண்ணுயிரைக் கொல்வதற்காகப் போட்டதுதானே. அகலமான பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்துவிட்டுப் பிறகு கலக்குங்கள்.

குடிக்க எது பயப்பட வேண்டிய தண்ணி?

இந்தியத் தரநிலையில் குடிநீரின் கடினத்தன்மைக்கு ஏற்ற அளவு 200 மில்லிகிராம். வேறு தண்ணி கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. டி.டி.எஸ். 500, அதிகபட்சம் 2,000. உலக சுகாதார நிறுவனம் உடல்நலக் காரணத்தைச் சொல்லி கடினத்தன்மைக்கு எல்லை எதுவும் வைக்கவில்லை. கால்சியமும் மெக்னீசியமும் நாம் சாப்பிட வேண்டிய சத்துகள்தான்.

பயப்பட வேண்டியது நைட்ரேட். இதற்கு அளவு 45 மில்லிகிராம், அதற்கு மேல் தளர்வே கிடையாது. கரிக்காது, வெள்ளையாகப் படியாது, வாசம் அடிக்காது. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணி சுண்டுவதால் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு இந்தத் தண்ணியில் பால் கலக்கிக் கொடுத்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஓடுவது தடைபடும். யூரியா கொட்டின வயல், கழிவறைக் குழி, சாக்கடை இவற்றிலிருந்து இது கிணற்றுக்கு இறங்குகிறது. யூரியாவை விட்ட நாம் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கிணற்று ஓரத்தில் திறந்த எருக்குழி இருந்தால் மழையில் அதே நைட்ரேட் இறங்கும். எருக்குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி, மேடான இடத்தில் அமைத்து, மழை இறங்காமல் மூடாக்குப் போடுங்கள்.

தேற்றான்கொட்டை பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். பானையில் உரைத்து விட்டால் கலங்கல் தெளியும், அருமையான பொருள். ஆனால் கரைந்த உப்பை அது எடுக்காது. கொதிக்க வைத்தால் கடினத்தன்மையில் பைகார்பனேட்டாக இருக்கும் பகுதி மட்டும் பாத்திரத்தில் படிந்துவிடும். சல்பேட், குளோரைடாக இருப்பது அப்படியே நிற்கும். பருப்பு வேக மழைநீரைவிட நல்ல தண்ணி கிடையாது.

சோதித்துப் பாருங்கள்

முதல் சோதனை வீட்டிலேயே முடியும். ஒரே மாதிரி ரெண்டு பாட்டில்களில் பாதி அளவு, ஒன்றில் மழைநீர், மற்றதில் உங்கள் தண்ணி. ரெண்டிலும் ஒரே அளவு காதி சோப்புச் சீவல் போட்டுக் குலுக்குங்கள். சலவைத்தூள் போட்டால் வித்தியாசம் தெரியாது. நுரை குறைந்து தயிர்த்திரி மாதிரி வந்தால் கடின நீர். வாய்க்குக் கரிக்கிறது, ஆனால் சோப்பு நன்றாக நுரைக்கிறது என்றால் சோடியம் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தண்ணியைத்தான் உடனே ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

பாசனத் தண்ணியை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலும், குடிதண்ணியைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலும் கொடுக்கலாம். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணியில் பாட்டிலை மூன்று முறை அலசி, காற்றே இல்லாமல் ஒரு லிட்டர் நிரப்பி மூடுங்கள். பெயர், கிணற்றின் ஆழம், தேதி எழுதி ஒட்டுங்கள். அன்றே கொடுத்துவிடுவது நல்லது. கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதம் ஒருமுறை. இந்த ரெண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் மழை உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்பதைச் சொல்லிவிடும்.

தண்ணியை மென்மையாக்கும் பெரிய மெஷின்

ஒரு ஊருக்கே தண்ணியை மென்மையாக்கும் மெஷின் ஒன்று உண்டு. அது மழை இறங்குகிற ஏரி, குளம், ஆற்று மணல். கடினத்தன்மை ஏறக்குறைய இல்லாத மழைநீர் கீழே இறங்கி, நிலத்தடியில் இருக்கிற உப்பைக் கலைத்து நீர்க்க வைக்கிறது. காஞ்சிபுரத்தின் சர்வதீர்த்தக் குளமும் மற்ற கோயில் குளங்களும் சாமி தெப்பத்துக்கு மட்டும் வெட்டினவை அல்ல, சுற்றித் தெருவில் இருக்கும் கிணறுகளுக்கும் அவைதான் ஊற்று. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரியைப் பார்க்கத் தனி ஏரி வாரியம் இருந்ததைப் பார்க்கிறோம். வரத்துக்கால் அடைந்த ஏரிக்குக் கீழே எத்தனை ஆர்.ஓ. வைத்தாலும் கிணறு இனிக்காது. மணலை அள்ளிவிட்ட ஆற்றில் வெள்ளம் வந்தாலும் தங்க இடமில்லாமல் கடலுக்குத்தான் போகும். பாலாற்றில் வாயலூரிலும் ஈசூர்–வல்லிபுரத்திலும் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். தடுப்பணை தண்ணியை நிறுத்தும். உள்ளே வாங்கிக்கொள்ள மணல் இருக்க வேண்டும்.

நம்ம வயலிலும் இதே வேலையைச் சின்னதாகச் செய்யலாம். வரப்பை உயர்த்தி மழையை வயலிலேயே நிறுத்துங்கள். மூடாக்குப் போட்டு ஆவியாவதைக் குறையுங்கள். தண்ணி ஆவியாகிப் போகும்போது உப்பைத்தான் மேலே விட்டுவிட்டுப் போகிறது. கிணற்றுக்குப் பக்கத்தில் வடிகட்டிக் குழி எடுத்து மழைநீரை இறக்குங்கள், ஆனால் எருக்குழித் தண்ணியோ தெருச் சாக்கடையோ அதில் சேரக்கூடாது.

அடுத்த உழவர் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு சோதனை முடிவுத் தாளைக் கையில் கொண்டு வாருங்கள். 50-ஆல் வகுத்து, 61-ஆல் வகுத்து, கழித்துப் பார்ப்போம். ஒரு ஊரில் இருபது கிணற்றின் கணக்கைச் சேர்த்து வைத்தால் எந்தப் பக்கம் பாறை உப்பு, எந்தப் பக்கம் கழிவு உப்பு என்று படம் போட்டுவிடலாம். கிராமசபையிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் "தண்ணி உப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதைவிட, எந்த உப்பு, எவ்வளவு, எந்தக் கிணற்றிலிருந்து என்று தாளை நீட்டினால் பதில் சொல்லாமல் அனுப்ப முடியாது.